இறங்காத வண்டி

பதினோரு வெட்டு வாங்கிய செந்தில்வேல், ஐந்தருவி ரோட்டிலிருந்து தென்காசி யானைப்பாலம் வரைக்கும் தானே புல்லட்டை ஓட்டி வந்து, யூசுப்பின் வண்டி சீட்டு தைக்கிற கடை முன்னால் நிறுத்தி, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, இறங்காமல் ஒரு டீ கேட்டான். ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கழுத்தில் மூன்று, முதுகில் ஆறு, இடது தோளில் இரண்டு. பின்னால் எண்ணிப் பார்த்த டாக்டர், கழுத்தில் விழுந்த இரண்டாவது வெட்டிலேயே ஆள் முடிந்திருக்க வேண்டும் என்றார். ஆனால் பக்கத்து டீக்கடைக்காரர் சீனி குறைவாகப் போட்டதை செந்தில்வேல் கவனித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னதை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். அவனுடைய உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட ரோட்டில் விழவில்லை. எல்லாம் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சீட்டை முகம்மது யூசுப் முதல் தடவை மாட்டிக் கொடுத்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. யூசுப் சவூதியில், தமாமில் பதினான்கு வருஷம் லாரி சீட்டு தைத்துவிட்டு ஊர் திரும்பியவர். செந்தில்வேலுக்கு முதுகுத் தண்டில் தேய்மானம். வண்டியோடு வந்த சீட்டில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வலது கால் மரத்துவிடும். ஆன்லைனில் இரண்டு சீட்டு வாங்கிப் பார்த்திருந்தான். ஒன்று மெத்தை மாதிரி. பத்து நிமிஷம் சுகம், அப்புறம் எலும்பு போய்த் தகட்டில் இடிக்கும். இன்னொன்று இரண்டு தொடைக்கும் நடுவே அகலமாக நின்று, காலைத் தரையில் ஊன்றவிடாது. யூசுப் எதையும் விற்கப் பார்க்கவில்லை. ஒரு அட்டையில் சாக்பீஸ் தூளைத் தூவி அவனை அதில் உட்காரச் சொன்னார். எழுந்ததும், பிட்டத்து எலும்பு இரண்டும் பதிந்திருந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். அந்த வட்டத்துக்குக் கீழே கெட்டி ஃபோம், அதற்கு மேலே மென்மையானது, அதற்கும் மேலே சாரல் இறங்காதபடி ஒரு பிளாஸ்டிக் தாள், பிறகு வழுக்காத ரெக்சின். முன்பக்கம் சரிந்திருந்தால் ஆள் பெட்ரோல் டேங்கில் போய் முட்டுவான் என்று ஒரு விரல் அளவு தூக்கி, தையல் எதுவும் எலும்புக்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டார். ஸ்டேப்ளர் பின்னை நாலே நாலு அடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். வந்ததும் பிரித்துச் செதுக்குவார். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை வரவேண்டியவன்தான் அன்றைக்கு வந்திருந்தான்.

டீ குடித்துக்கொண்டே செந்தில்வேல் மூன்று பெயர்களைச் சொன்னான். விஜய்பாண்டி, சுடலைமணி, மசூது. ஐந்தருவி ரோட்டில் ஒரு தோப்பு உண்டு. சீசனில் வருகிற கார், வேன்களை நிறுத்துவதற்கு அதன் சொந்தக்காரர் குத்தகைக்கு விடுவார். ஆறு வருஷம் விஜய்பாண்டி வைத்திருந்ததை இந்த வருஷம் செந்தில்வேல் எடுத்திருந்தான். விஷயம் அவ்வளவுதான். பெயர்களைச் சொல்லிவிட்டு, "இப்பத்தான் பாய் சரியாப் பொருந்தியிருக்கு. உக்காந்திருக்கதே தெரியல" என்றான். அதற்குள் யாரோ போன் போட்டு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. இரண்டு பேர் அவனை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அவனுக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஒரு அங்குலம் இடைவெளி விழுந்ததுதான் தாமதம், பதினோரு வெட்டும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. தூக்கியவர்களின் சட்டை நனைந்து, ரோடு நனைந்து, சாக்கடை வழியாகப் போய்ச் சிற்றாற்றில் கலந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கும்போது உயிர் இல்லை. யூசுப் அந்த ஒரு அங்குலத்தைக் கண்ணால் பார்த்தார். போலீசிடம் அதையும் சொன்னார். அவர்கள் மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு அங்குலத்தை விட்டுவிட்டார்கள்.

மூன்று பேரும் சரணடைந்து, மூன்றாவது மாதம் ஜாமீனில் வந்தார்கள். வந்த மறுவாரமே யூசுப்பின் கடைக்குப் போனார்கள். செந்தில்வேல் டீ குடிக்கும்போது சொன்னதை மறந்துவிடும்படி விஜய்பாண்டி மரியாதையாகத்தான் கேட்டான். காதில் விழுந்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்று யூசுப் சொன்னார். சுடலைமணி, தொங்கிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப்போட்டு அரிவாளால் நெடுக்கக் கிழித்தான். கடை முழுக்க மஞ்சள் பஞ்சு பறந்தது. பிறகு மசூது அவருடைய வலது கையைத் தைக்கிற மிஷின் மேல் வைத்து அழுத்திப் பிடிக்க, விஜய்பாண்டி சுண்டு விரலையும் மோதிர விரலையும் ஒரே போடில் எடுத்தான். போகும்போது, கூலக்கடை பஜாரில் ஊரே பார்க்கும்படி நடந்துதான் போனார்கள். யூசுப்பின் மனைவி ஹஸீபா விரல்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒட்டவைக்க முடியவில்லை. காயம் ஆறியதும் யூசுப் மிச்சமிருந்த மூன்று விரலில் கத்திரி பிடிக்கப் பழகினார்.

செந்தில்வேலின் மனைவி லோகநாயகி முதல் சாட்சி. தோப்பு வாசலில் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல் மூன்று வெட்டையும் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாள். மற்றவை விழும்போது அவள் தரையில் கிடந்தாள். மசூது அவள் வயிற்றில் மிதித்திருந்தான். தோப்பைக் குத்தகைக்கு எடுக்கச் சொல்லிப் புருஷனைத் தூண்டியவள் அவள்தான் என்று மாமியார் மங்களேஸ்வரி, மகனைச் சிதையில் வைத்த அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே உலையில் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு வார்த்தை கிடையாது. லோகநாயகி தோப்பை விடவில்லை. கோர்ட்டில் மனுப் போட்டு வண்டியை மீட்டாள். தோப்பிலேயே விழுந்து எழுந்து ஓட்டப் பழகினாள். சீட்டு உயரம். இரண்டு கால் பெருவிரலும் அந்தரத்தில் நின்றன. ஒருநாள் வண்டியை உருட்டிக்கொண்டே யூசுப்பிடம் வந்தாள்.

யூசுப் சீட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வேறு புதுசு செய்து தருகிறேன், இது இருக்கட்டும் என்றார். லோகநாயகி ஒத்துக்கொள்ளவில்லை.

"அறுங்க பாய். அவுகளுக்கு இனி வலிக்காது. எனக்குக் கால் எட்டணும்லா."

ரெக்சினை உரித்தபோது உள்ளே ஃபோம் கறுத்துப் போயிருக்கவில்லை. சிவப்பாக, கை வைத்தால் சூடாக இருந்தது. கத்தி இறங்கிய இடத்தில் லேசாகத் துடித்தது. யூசுப் பிஸ்மி சொல்லிக்கொண்டு முன்பக்கத்து ஓரங்களை மட்டும் சரித்துச் செதுக்கினார். தொடை நெருங்கினால்தான் கால் தரைக்கு வரும். உயரத்தைக் குறைக்கிறேன் என்று எலும்புக்குக் கீழே கை வைத்தால் அப்புறம் தகட்டில்தான் உட்கார வேண்டும். பெண்களுக்கு எலும்பு இரண்டும் அகன்றிருக்கும் என்பதால், சாக்பீஸ் அட்டையில் அவளை உட்காரவைத்துப் புது வட்டம் போட்டார். இரண்டாவது தடவை வந்தபோது, வால் எலும்பில் குத்துகிறது என்றாள். அந்த இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரித் தோண்டிவிட்டார். மூன்றாவது தடவை வந்தபோது குறை ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் இறங்காமலேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்படியே போய்விட்டாள்.

சாட்சி விசாரணைக்குத் தேதி விழுந்தது ஒரு ஆடி மாதம். காலை ஒன்பதே முக்காலுக்கு, இலஞ்சி விலக்குத் தாண்டியதும், இரண்டு பைக்கில் வந்த மூன்று பேரும் அவளை மறித்தார்கள். சாரலுக்கு ஷட்டரை இறக்கியிருந்த டவுன் பஸ் ஒன்று பின்னாலேயே வந்து நின்றது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக அரையடி உயர்ந்தன. சுடலைமணி முதலில் தோளில் வெட்டினான். இரண்டாவது அவள் புறங்கையில் விழுந்தது. மசூது முன்சக்கரத்துக்கு நேரே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள். சக்கரம் அவனைச் சாய்த்து, தொடைமேல் ஏறி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்டதாம். சுடலைமணி மறுபடி ஓங்கும்போது, கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டால் அவன் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. இன்னும் ஒரு அடி. வலது கண் அன்றோடு போயிற்று. அதற்குள் விஜய்பாண்டி பின்னாலிருந்து கழுத்திலும் முதுகிலுமாக ஐந்து வெட்டு வெட்டிவிட்டான். மொத்தம் ஏழு. அவள் கியரைப் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனாள்.

கோர்ட்டு வாசலில் இரண்டாவது சாட்சியாக நின்ற யூசுப்புக்கு, வண்டி வரும்போதே விளங்கிவிட்டது. போலீஸ்காரர்களும் வக்கீல்களும் அவளைத் தாங்க ஓடினார்கள். யூசுப் குறுக்கே விழுந்து, எட்டு விரலையும் விரித்துத் தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க. மதினிய எறக்குனா மவுத்தாயிருவாக."

ஏழு வெட்டும் திறந்திருந்தன. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தையல் போட வந்த நர்ஸ், ஈரம் இல்லாத காயத்தில் நூல் நிற்காது என்று துணி மட்டும் கட்டிவிட்டுப் போனாள். நீதிபதி மாடியிலிருந்து இறங்கி போர்ட்டிகோவுக்கு வந்தார். மேஜை நாற்காலி வந்தது. குற்றவாளிக் கூண்டுக்குப் பதில் ஒரு பெஞ்ச் போட்டார்கள். ஆஜராக வந்த விஜய்பாண்டியைப் பிடித்து அதில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். அவன் சட்டையில் சுடலைமணியின் ரத்தம் சாரலில் கரைந்து இளஞ்சிவப்பாக இருந்தது. சாட்சி வண்டியில் அமர்ந்தபடி சாட்சியம் அளித்தார் என்றுதான் பதிவாகியிருக்கிறது. இரண்டு மணி நேரம் பேசினாள். எதிர்த்தரப்பு வக்கீல், சாட்சிக்கு உண்மையில் காயம் என்றால் இறங்கி நின்று காட்டட்டும் என்றார்.

"நான் எறங்குனா நீங்க ஜெயிச்சிருவீக அய்யா" என்றாள் லோகநாயகி. நீதிபதி வக்கீலின் கோரிக்கையை அனுமதிக்கவில்லை.

மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. லோகநாயகி வண்டியிலேயே இருந்துகொண்டாள். முதல் மாதம் ஊர் வேடிக்கை பார்த்தது. இரண்டாவது மாதம், ரேஷன் கடையில் அவளுக்காக வாசல் தாழ்வாரத்தை அகலப்படுத்தினார்கள். தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டியை வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். யூசுப் பின்னால் ஒரு சாய்மானம் வைத்துக் கொடுத்ததால் தூங்க முடிந்தது. சீசனில் அருவியின் தூவானமே வந்து குளிப்பாட்டும். மற்ற மாதங்களுக்கும் மற்றத் தேவைகளுக்கும் அவளும் ஹஸீபாவும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அது என்னவென்று யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், யூசுப் சீட்டைப் புதுப்பிப்பார். அவள் ஒரு பக்கத்து எலும்பில் பாரத்தைப் போட்டுச் சாய, மறு பக்கத்தில் பழைய ஃபோமை உருவிக்கொண்டே புதியதை நுழைப்பார். பிறகு அந்தப் பக்கம். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும். அந்த ஒரு நாளும் யூசுப் சாப்பிடமாட்டார். எந்நேரமும் உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த ஃபோம் தாங்கும் என்று அவர் கொல்லத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்து கடைசியில் ஒரு ரகத்தைக் கண்டுபிடித்தார். ஆனாலும் நடுவில் இருந்த சிவப்புத் துண்டை மட்டும் மாற்றியதே இல்லை. மங்களேஸ்வரி மூன்று வேளையும் தோப்புக்குச் சாப்பாடு கொண்டுவந்து, டேங்கின்மேல் வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனாள். இப்படி நாலு வருஷம்.

நாலாவது வருஷத்து ஆவணியில், தாயார் இறந்த காரியத்துக்காக விஜய்பாண்டி மூன்று நாள் பரோலில் வந்தான். இரண்டாம் நாள் மத்தியானம், காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது கொல்லை வழியாக வெளியேறித் தோப்புக்கு வந்தான். கையில் அரிவாள் இல்லை, அவசியமும் இல்லை. எறங்குட்டி என்றான். லோகநாயகி சாவியைத் திருப்புவதற்குள், இரண்டு கையாலும் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். அவள் முழங்காலால் டேங்கை இறுக்கிக்கொண்டு, அவன் காதைக் கடித்துத் துப்பினாள். அவன் விடவில்லை. அரை அங்குலம் இடைவெளி விழுந்தது. கழுத்துக் காயம் முதலில் திறந்து, ரத்தம் அவன் முகத்தில் பீச்சியடித்தது. தோள் திறந்தது. மூன்றாவது திறக்கும்போது, சாப்பாட்டுத் தூக்கோடு வந்துகொண்டிருந்த மங்களேஸ்வரி தூக்கைக் கீழே வைத்தாள். வாகனங்களை மறிக்கிற இரும்புக் குழாயை அதன் கொக்கியிலிருந்து கழற்றினாள். அறுபத்தாறு வயது. மூட்டு வலிக்காரி. முதல் அடியை அவனுடைய வலது மணிக்கட்டில் போட்டாள். இரண்டாவதை இடது மணிக்கட்டில். கீழே விழுந்தவனின் இரண்டு முழங்கையிலும் ஒவ்வொன்று. விரல்களுக்கு மட்டும் தனியாக நேரம் எடுத்துக்கொண்டாள். அலறலைக் கேட்டு வேன்காரர்கள் வந்தார்கள். ஆனால் யாரும் பக்கத்தில் போகவில்லை.

பிறகு குழாயைப் போட்டுவிட்டு வந்து, மருமகளின் இரண்டு தோளிலும் தன் முழுப் பாரத்தையும் கொடுத்துச் சீட்டில் அழுத்தினாள்.

"உக்காருட்டி. நீயும் போயிட்டா நான் யாருக்குச் சோறு பொங்க?"

ரத்தம் நின்றது. லோகநாயகி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, புருஷன் செத்ததிலிருந்து அழாத அழுகையை அழுதாள். மங்களேஸ்வரி சும்மா நிற்க முடியாமல், பின்சீட்டில் ஏறி அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். போலீஸ் வந்து விஜய்பாண்டியை அள்ளிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தார்கள். கிழவி மேல் வழக்குப் போட யாரும் புகார் கொடுக்கவில்லை. விஜய்பாண்டிக்கு அதற்கப்புறம் ஜெயிலில் சோறு ஊட்டிவிட ஆள் வேண்டியிருந்தது என்று சொன்னார்கள்.

மறுவாரம் இரண்டு பேரும் அதே வண்டியில் யூசுப் கடைக்கு வந்தார்கள். பின்சீட்டு ஒடுக்கமாக இருக்கிறது, தொடை வெளியே தொங்குகிறது என்று மங்களேஸ்வரி புகார் சொன்னாள். யூசுப் அட்டையில் தூளைத் தூவினார். மூட்டு வலியால் அவள் இடது பக்கமே பாரம் போட்டு உட்காருகிறாள் என்று பதிந்த தடம் காட்டியது. இடது பக்கம் கெட்டி ஃபோம் கால் அங்குலம் கூட வைத்து, இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலப்படுத்தி, பிடித்துக்கொள்ள ஒரு பட்டையும் தைத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை மாமியாரும் மருமகளும் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போனார்கள். வண்டியைக் கமிஷன் கடை வாசலில் நிறுத்தி, லோகநாயகி உட்கார்ந்தபடியே விலை கேட்க, மங்களேஸ்வரி இறங்கிப் பொறுக்கி எடுத்தாள். அன்றைக்குக் கத்தரிக்காய் கிலோ இருபத்தெட்டு ரூபாய். சின்ன வெங்காயம் நாற்பது. முருங்கைக்காய் வரத்து இல்லை.