வலது மூலையில் ஒரு புள்ளி

என் நாத்தனாருக்கு எங்கள் பாட்டில் தொழிற்சாலையில் ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் ஷிஃப்ட் முடியும்வரை மூடமாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். நான் சமைத்ததை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டே உப்பு பத்தவில்லை என்பாள். எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நான் தரப் பிரிவில் இருக்கிறேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "ரேடியோ பேசிக்கிட்டே பேக் பண்றா, அதான் பாட்டில் உடையுது. அவ அதிக நேரம் நிக்கிற நாள்ல உடைசலும் அதிகமான்னு போட்டுப் பாரு. ஆமான்னா அனுப்பிடலாம்."

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கம்ப்யூட்டரில் நாளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். அவள் நின்ற நேரம் கூடினால் புள்ளி வலப்பக்கம் போகும். உடைசல் கூடினால் மேலே போகும். எல்லாப் புள்ளிகளையும் முடிந்தவரை ஒட்டிப்போகும் ஒரு நேர்கோட்டை அதுவே போட்டது. கோடு மேலே ஏறியது. மேனேஜர் நினைத்தது சரிதான் போலிருந்தது.

ஆனால் கண்ணை ஏதோ உறுத்தியது. வலது மூலையில், மற்றவை எட்டாத உயரத்தில், ஒரே ஒரு புள்ளி. அவள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நாள் அது. அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மிச்சப் புள்ளிகள் கொட்டிய கடுகாகச் சிதறிக் கிடந்தன, கோடு படுத்துவிட்டது. அந்த ஒற்றைப் புள்ளிதான் மொத்தக் கோட்டையும் காதைப் பிடித்துத் தூக்கியிருக்கிறது.

சாப்பிடும்போது கேட்டேன். "ரெண்டு ஷிஃப்ட் பார்த்தியே, அன்னிக்கு என்னடி ஆச்சு? அவ்வளவு உடைஞ்சிருக்கு?"

"ஞாபகமில்ல அண்ணி."

ரேடியோவுக்கு ஞாபகமில்லையாம்! அவள் பார்வை அண்ணன் தட்டில் இருந்தது. அதே தொழிற்சாலையில் பாட்டில் அடுக்குகளைத் தூக்கிப்போகும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரரின் கை பாதியில் நின்றது.

"நான்தான்," என்றார். "வண்டியத் திருப்பும்போது அடுக்கு சரிஞ்சிடுச்சு. எனக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. அதான் இவ தன் கணக்குல சேர்த்துக்கிட்டா. நாளைக்கு நான் சொல்லிடறேன்."

"வேணாம்ணா. உனக்கு வேலை போயிடும். எனக்குப் போனா வேற பார்த்துக்கறேன்."

இவ்வளவையும் மனதில் போட்டுக்கொண்டா இத்தனை நாள் ஓயாமல் பேசினாள்?

மறுநாள் மேனேஜர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். "பிடிக்கலன்னு ஒரு புள்ளியத் தூக்கிட முடியாதும்மா. அன்னிக்கு வேற ஏதாச்சும் நடந்திருந்தா சொல்லு, எடுத்துடலாம். இல்லன்னா இருக்கட்டும்."

மனுஷர் சிடுமூஞ்சிதான், ஆனால் சொன்னது நியாயம்.

"ஃபோர்க்லிஃப்ட்ல இருந்து அடுக்கு சரிஞ்சுது சார். ஓட்டினது என் வீட்டுக்காரர்."

நாத்தனாரின் வேலை தப்பியது. என் வீட்டுக்காரரை வண்டியிலிருந்து இறக்கிச் சுமை தூக்கப் போட்டார்கள். "விடு, நானே முந்திக்கிட்டுச் சொல்லியிருக்கணும்," என்று அவர் சொன்னதோடு சரி. நாத்தனார்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாள் கணக்காக வீட்டில் ரேடியோ ஓடவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணனப் போய் விட்டுக் குடுத்துட்டீங்களே அண்ணி," என்றாள் கடைசியில், சாப்பாட்டு மேஜையில்.

கோபம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப உன்ன விட்டுக் குடுத்திருக்கணுமா?"

கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு நான் வைத்த சூப்பை ஒரு வாய் குடித்தாள்.

"உப்பு பத்தல," என்றாள்.