செம்புக் கம்பிகள் வேர்விட்ட கோடை

மழை பொய்த்த அந்தக் கோடையில், ஆர்விட் டோலஃப்சன் தன் வீட்டைச் சுற்றிப் புதைத்திருந்த செம்புக் கம்பிகள் வேர்விட்டு வளர்ந்தன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் பக்கம் சோளம் முழங்கால் உயரம்கூட வராத வருஷம் அது. அதனால் ஜனங்கள் கம்பியையும் விளைச்சலோடு சேர்த்தே பேசினார்கள். ஆர்விட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சமையலறை மூலையில் சொந்தமாக ஒரு குட்டி வானொலி நிலையம் வைத்திருந்தார். உரிமம் இல்லாதவர்களுக்குச் சட்டம் விட்டுக்கொடுப்பது பத்தடிக் கம்பமும், பொம்மைக் காருக்குக்கூடப் போதாத மின்சாரமும்தான். அவர் குரல் தபால் பெட்டியைத் தாண்டும், தட்டுத்தடுமாறி தேவாலயம்வரை போகும், அதோடு சரி. அண்ணன் செல்மரின் பண்ணையோ நாலு மைல் தள்ளி இருந்தது.

அந்த நாலு மைலுக்காகத்தான் இத்தனை பாடும். அப்பா இறந்ததும் தன் பங்கு மாடுகளை விற்றுவிட்டு ஆர்விட் பேருந்து ஓட்டப் போனார். மீதி மாடுகளோடு செல்மர் தனியாக மாரடித்தார். அன்றோடு பேச்சு நின்றது. தம்பி குரல் கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுவார், கடிதம் போனால் பிரிக்காமலே திருப்புவார். ஆனால் அவர் கொட்டகையில் ஆணியில் தொங்கிய வானொலி மட்டும் அணைந்ததே இல்லை. அது சத்தம் போடாவிட்டால் மாடுகள் பால் சுரக்காது. அதில் நிலையம் மாற்றும் குமிழை இளவட்ட வயதில் உடைத்தவரே ஆர்விட்தான். முள் ஒரு நிலையமும் இல்லாத இடத்தில் சிக்கிக்கொண்டு வெறும் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத்தான் தன் நிலையத்துக்குப் பிடித்துக்கொண்டார் ஆர்விட். இலையுதிர் காலத்தில் தொண்டையைத் திறந்து குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குள் அண்ணன் காதில் தன் குரல் விழுந்தாக வேண்டும்.

கம்பத்தை உயர்த்தினால் சட்டம் பிடிக்கும். ஆனால் ஒலிபரப்பில் காற்றில் நிற்பது பாதிதான், மறுபாதி மண்ணில் கிடக்கிறது. அதனால் கம்பத்தடியிலிருந்து சக்கரத்து ஆரக்கால்கள்போல் எல்லாப் பக்கமும் செம்புக் கம்பி புதைத்தார். காய்ந்த மண்ணோ மின்சாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினார். மனைவி வெர்னா பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். விஷயம் பரவி, ஞாயிறு வழிபாடு முடிந்து வருகிறவர்கள் மீந்த காபியைப் பானையோடு கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, உப்பைக் கொட்டி என் தக்காளியக் கொன்னுட்டீங்க. உங்க ரேடியோ மட்டும் கொழுகொழுன்னு இருக்கு!" என்றாள் வெர்னா.

அவள் சொன்னது உண்மைதான். சாலைக்கு அப்பால் வேலிக்கால் நடக் குழி தோண்டியவன் மண்வெட்டியோடு அப்படியே நின்றுவிட்டான். தலைமயிர் கனத்தில் செம்பு வேர்கள், கை வைத்தால் இளஞ்சூடு. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குழியை மூடினான். வாரத்துக்கு வாரம் குரல் முன்னேறியது. தபால் நிலையத்தில் கேட்டது, பால் பண்ணையில் கேட்டது, ஆற்றுப் பாலத்தில் கார் ஓட்டினவர்களுக்கும் கேட்டது.

ஒருநாள் விடியலில் ஆர்விட் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தார். என்னென்னவோ சொல்ல நினைத்து வைத்திருந்தார். ஆனால் வாயில் வந்தது, சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் மேய்ச்சலிலிருந்து மாட்டை அழைக்கப் போடும் சத்தம் ஒன்றுதான்: "கம் பாஸ்... கம் பாஸ்..."

காலைச் சாப்பாட்டுக்கு முன்பே மாடுகள் வந்துவிட்டன. செல்மரின் மந்தை முழுவதும், புதைந்த கம்பிகளின் மேலேயே கோடு பிசகாமல் நடந்துவந்து, கம்பத்தைச் சுற்றித் தலையை உள்பக்கம் நீட்டி அசையாமல் நின்றது. பின்னாலேயே ரப்பர் பூட்ஸும் டிராக்டருமாக செல்மர் வந்து இறங்கினார்.

"என் மாட்டையெல்லாம் என்னடா பண்ணின?"

"கூப்பிட்டேன்ணே."

"மாட்டையா?"

"உன்னை. அதுங்க முந்திக்கிச்சு."

செல்மர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு எரிந்து விழுந்தார்: "மடி கனத்து நிக்குதுங்க, கல்லு மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிற! வாளிய எடுடா." இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து கறந்தார்கள். வாளிகள் நிறைந்த பிறகு மண்ணிலேயே கறந்தார்கள், மண் ஒரு சொட்டு விடாமல் குடித்தது. ஆர்விட் மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதார். செல்மர் பார்க்காததுபோல் இருந்தார்.

அக்டோபரில் குரல்வளையை எடுத்தார்கள். ஆர்விட் வாயைத் திறந்தால் அறையில் காற்றுதான் வந்தது. ஆனால் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து உதட்டை அசைத்தால் வானொலிப் பெட்டிகளில் அதே பழைய குரல் கணீரென்று கேட்டது. மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் செல்மர் வருகிறார். கையடக்க வானொலி ஒன்றை மேஜைமேல் காபிக் கோப்பைகளுக்கு நடுவே நிறுத்துகிறார். எதிரில் தம்பி ஒலிவாங்கியில் உதட்டை அசைக்க, பெட்டி பேசுகிறது. வறட்சி, கன்று, அப்பா, எல்லாம் பேசுகிறது.

"இத்தனை வருஷம் கழிச்சு உன் வாய மூட எனக்கு ஒரு குமிழு கிடைச்சிருக்குடா," என்று செல்மர் வாரம் தவறாமல் சொல்வார்.

பெட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். குமிழ்மேல் அவர் விரல் பட்டதே இல்லை. பேச்சு பாதியில் நின்றுவிடக் கூடாது என்று சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேட்டரி வைத்திருக்கிறார்.