நாலு பெட்டியும் ஒரு ஆம்ப்ளிஃபயரும்

அக்காவைக் கட்டியவர் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எல்லோருக்கும் அவர் 'சவுண்டு'. தங்கையைக் கட்டியவர் தச்சர். இரண்டு சகலைகளும் போட்டோவுக்குத் தோளில் கைபோட்டு நிற்பார்கள். போட்டோ எடுத்து முடிந்த கையோடு ஒருவர் தொழிலை ஒருவர் வாரத் தொடங்குவார்கள்.

"காதுக்குள்ள கத்துறதுக்கு வாடகை வேற வாங்குறீங்க" என்பார் தச்சர்.

"மரத்தூளைத் தும்மித் தும்மியே உனக்குக் காது அடைச்சுப்போச்சு சகலை" என்பார் சவுண்டு.

தச்சரின் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விளையாட்டு விழா நெருங்கியதும் அக்கா வீட்டுக்கே வந்து முறையிட்டாள்.

"மாமா, போன தடவை டிரில் பாட்டு கடைசி வரிசைக்குக் கேட்கவே இல்ல. முன்னாடி நிக்கிற பிள்ளை கையைத் தூக்கினதைப் பாத்துட்டு, பின்னாடி உள்ளது தூக்குது. அதுக்குள்ள முன்னாடி உள்ளது குனிஞ்சிடுது."

சவுண்டுக்கு முகம் தொங்கிப்போனது. அவருடைய பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் மழையில் நனைந்து உப்பி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஜலதோஷம் பிடித்ததுபோல் பாடின. வேறு வழியில்லாமல் சகலையிடமே போய், புதிதாக நாலு பெட்டி செய்து தரச் சொன்னார். ஸ்பீக்கர் விற்கிற கடை மரக்கடைக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அதையும் அவரையே வாங்கச் சொன்னார். "எட்டு ஓம் கேட்டு வாங்கு" என்று மட்டும் போனில் சொல்லிவைத்தார்.

தச்சர் அந்தப் பெட்டிகளைச் செல்லப் பிள்ளைகளைப்போல் செய்தார். கனமான பிளைவுட், மூலைக்கு மூலை உள்ளே சட்டம், மூட்டுகளில் காற்று கசியாதபடி பசை, உள்சுவரில் பஞ்சு. முன்பக்கம் கீழே காற்று போய்வர ஒரு துளை, சவுண்டு கொடுத்த வரைபடத்தில் இருந்த அளவுக்கு அச்சாக. சவுண்டு வந்து விரல்முட்டியால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். எங்கேயாவது 'டங்' என்று ஓட்டைச் சத்தம் வரும் என்று தேடினார். வரவில்லை.

"பரவாயில்ல" என்றார்.

அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தச்சர் அன்று அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

விழாவன்று காலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெட்டி, அந்தப் பக்கம் இரண்டு பெட்டி. சவுண்டு ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நாலையும் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸாக வயரால் கோத்து, ஆம்ப்ளிஃபயரில் செருகி, பாட்டைப் போட்டார். பாட்டு கம்பீரமாகத் தொடங்கியது. அடுத்த நொடி 'டப்'பென்று சிவப்பு விளக்கு எரிந்தது. மைதானமே அமைதியானது.

மறுபடி போட்டார். மறுபடி டப்.

"என்னத்தை வாங்கிட்டு வந்தே?" என்றார் சவுண்டு.

"என் பெட்டிக்கு என்ன குறை? உங்க ஆம்ப்புக்குத்தான் வயசாகிப்போச்சு!"

"போன வாரம்கூட நல்லாப் பாடின ஆம்ப்பு அது!"

மேடையிலிருந்த தலைமை ஆசிரியை கண்ணாடியை மூக்கில் இறக்கி இருவரையும் பார்த்தார். பி.டி. டீச்சர் நிலைமையைப் புரிந்துகொண்டு, விசிலை ஊதிப் பிள்ளைகளை அணிவகுப்புக்குக் கிளப்பினாள். "லெஃப்ட்! ரைட்!" என்று அவள் போட்ட சத்தத்துக்கு மைக்கே வேண்டியிருக்கவில்லை.

பார்க்க வந்திருந்த அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சண்டையை வீட்டுல போய் வச்சுக்கங்க. இப்போ அவ மானம் போகுது. என்ன வாங்கினாரு, எப்படிக் கோத்தீங்க, ஒழுங்கா ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க."

தச்சர் முறுக்கு குறையாமல் சொன்னார். "நீங்க கேட்டதைவிட லேசானதாத்தான் வாங்கினேன். எட்டு ஓம் தீர்ந்துபோச்சு, நாலுதான் இருக்குன்னு கடையில சொன்னாங்க. எட்டைவிட நாலு கம்மிதானே, உங்க ஆம்ப்புக்குச் சுமை குறையட்டுமேன்னு..."

சவுண்டு தலையில் கைவைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஓம்ங்கிறது தடைப்பா. அது குறைஞ்சா சுமை கூடும். வாசலைப் பெருசாத் திறந்துவிட்டா கூட்டம் திமுதிமுன்னு ஓடாதா? அந்த மாதிரி கரண்டு ஓடும். என் ஆம்ப்பு நாலு ஓமுக்குக் கீழ போனாத் தாங்காது. நாலு பெட்டியையும் பக்கத்துப் பக்கத்துல கோத்ததுல, நாலு ஓம் நாலா வகுந்து ஒரு ஓமாப்போச்சு. பாவம், தன் உசுரைக் காப்பாத்திக்கத்தான் அதுவா நின்னுடுச்சு."

"அப்போ எட்டு வாங்கியிருந்தா நாலும் பாடியிருக்குமா?"

சவுண்டு விரல்களை மடக்கினார். மனதுக்குள் வகுத்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார் மெதுவாக. "அப்பவும் ரெண்டு ஓம்தான் வந்திருக்கும். ரெண்டு பெட்டிக்குக் கோத்துப் பழகின கை... நாலையும் அப்படியே கோத்துட்டேன்."

தச்சரின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. "பரவாயில்ல சகலை" என்றார், அந்த முதல் சொல்லை நன்றாக அழுத்தி.

"சரி சரி, ஸ்க்ரூ டிரைவரை எடு. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பெட்டியை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, வரிசையாக் கோக்கணும். இதோட மைனஸ், அதோட பிளஸ். நாலும் நாலும் எட்டு. ரெண்டு பக்கத்து எட்டையும் பக்கத்துப் பக்கத்துல சேர்த்து ஆம்ப்புக்குக் கொடுத்தா, எட்டுல பாதி நாலு. அது கேட்கிறதும் அதுதான்."

இடப்பக்கம் சவுண்டும் வலப்பக்கம் தச்சரும் குனிந்து வயரைச் சீவினார்கள். ஸ்விட்சைப் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பாட்டு ஓடியது. அக்கா கைதட்டினாள்.

ஆனால் சவுண்டு காதைச் சாய்த்துக்கொண்டு வலப்பக்கம் நடந்தார். அங்கே பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தது. முழவு அடிப்பது தெரிந்தது, அதிர்வு இல்லை.

"பெட்டியைக் குறை சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தார் தச்சர்.

"பெட்டி தங்கம்" என்றார் சவுண்டு. பாட்டை நிறுத்தி, ஆம்ப்பிலிருந்து அந்தப் பக்கத்து வயரைக் கழற்றி, ஒரு சின்ன பேட்டரியை அதன் முனைகளில் தொட்டார். மேல் பெட்டியின் ஸ்பீக்கர் காகிதம் வெளியே துள்ளியது. கீழ்ப் பெட்டியுடையது உள்ளே போனது.

"பாத்தியா? பிளஸும் மைனஸும் மாறிப்போச்சு. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. காத்து யார் பேச்சைத்தான் கேட்கும்?"

"நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டு பீரோவை ஆளுக்கொரு திசையில நகர்த்தின மாதிரி" என்றாள் அக்கா. வயரை மாற்றிக்கொண்டிருந்த தச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்க்ரூ புல்லுக்குள் விழுந்து, மூவரும் மண்டியிட்டுத் தேடவேண்டியதாயிற்று.

இந்தத் தடவை முழவு விழுந்தபோது மேடைப் பலகை காலடியில் அதிர்ந்தது. தலைமை ஆசிரியையின் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளைகூட மெல்ல நகர்ந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டாரே தவிரக் குறைக்கச் சொல்லவில்லை. டிரில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் மேலே போய், ஒரே சமயத்தில் இறங்கின. கடைசி வரிசையில் நின்ற ஒரு குண்டுப் பையன் தாளத்துக்கு எல்லோரையும்விட ஒரு குதி கூடவே குதித்தான். பி.டி. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டிக் காட்டினாள்.

சாயங்காலம் பெட்டிகளை வேனில் ஏற்றும்போது, சவுண்டு மூலைகள் உரசாமல் சாக்கைச் சுற்றினார். தச்சரைப் பார்க்காமலே கேட்டார்: "வேனுக்குப் பின்னாடி நம்ம ரெண்டு பேர் தொழிலையும் சேர்த்து எழுதிடலாமா சகலை? பெட்டி உன்னோடது, ஆம்ப்பு என்னோடது."

"யோசிச்சுச் சொல்றேன் சகலை" என்றார் தச்சர் பெரிய மனிதத் தோரணையில்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று வேனின் முன்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. டீச்சரும் அக்காவும் அங்கே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். "எந்தப் பெயின்ட்டுல எழுதுறதுன்னு நாங்க ரெண்டு பேரும் முடிவே பண்ணியாச்சு. ஏறுங்க, பசிக்குது."