ஹட்சன் கவுண்டிக்காரி

விலாசினியை ஊரில் எல்லோரும் 'அமெரிக்கா சேச்சி' என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. தான் இத்தனை வருடம் வாழ்ந்தது அமெரிக்காவில் அல்ல, ஹட்சன் கவுண்டியில் என்பாள். கேட்டவர்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். ஆனால் சொன்னதை மாற்ற மாட்டாள்.

கேரளத்தின் தெற்கு எல்லையில், குளத்தூர்ப் பஞ்சாயத்தின் ஓரத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் நர்ஸிங் படித்து, கல்யாணமான சில வருடங்களில் அவள் நியூஜெர்சிக்குப் போனாள். பின்னால் கணவன் மோகனனும் மகள் நீதுவும் வந்து சேர்ந்தார்கள். வேலை செய்த ஆஸ்பத்திரி, குடியிருந்த வாடகை வீடு, மகள் படித்த பள்ளிக்கூடம் எல்லாமே ஹட்சன் கவுண்டிக்குள்தான். அந்த மாநிலத்திலேயே சிறிய மாவட்டம் அது. ஜன நெருக்கமும் அங்கேதான் அதிகம். ஒருபுறம் ஹட்சன் ஆறு, மறுபுறம் ஹேக்கன்சாக் ஆறு, நடுவில் நீண்டு கிடக்கிற பாறைமேடு, அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட சின்னச் சின்ன நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி போலீஸ், தனி குப்பை வண்டி. கட்டன்பர்க் என்று ஒரு நகரம் உண்டு. பேசிக்கொண்டே நடந்தால் பேச்சு முடிவதற்குள் அடுத்த நகரத்துக்குள் கால் வைத்திருப்போம்.

இந்த விவரங்களையெல்லாம் அவளுக்குச் சொன்னவள் கூட வேலை பார்த்த டோலோரஸ். சின்ன வயதில் கியூபாவிலிருந்து வந்து யூனியன் சிட்டியில் வளர்ந்தவள். நைட் டூட்டி முடிந்து பெர்கன்லைன் அவென்யூவில் காப்பி குடிக்கும்போது அவள் கதை ஆரம்பித்துவிடும். பெர்கன் கவுண்டியிலிருந்து இந்தக் கவுண்டியை வெட்டி எடுத்தது, பிறகு எல்லா ஊர்களையும் சேர்த்து ஒரே நகரமாக்குவதற்கு வாக்கெடுப்பு நடத்தியது, சில ஊர்கள் ஜெர்சி சிட்டியோடு சேர்ந்துகொண்டபோது மற்றவை மாட்டோம் என்று தனியாக நின்றது. விலாசினிக்கு இதெல்லாம் அந்நியமாகவே தோன்றவில்லை. மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, அவள் ஊர் இருக்கிற நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவளுடைய அம்மாவின் தங்கைகள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கோடு போட்ட ஊரில் பிறந்தவளுக்குக் கோடுகள் நிறைந்த ஊர் பழகிப்போவதற்கு அதிக நாள் ஆகவில்லை.

மோகனன் வேறு மாதிரி. செக்காக்கஸில் ஜன்னலில்லாத ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவனுக்கு. காலையில் விடிந்தும் விடியாமலும் போய் மாலையில் இருட்டோடு வருவான். கூட்டம் என்றால் கூசுவான், பேச்சு என்றால் நழுவுவான். கிரீன் கார்டு போதும், குடியுரிமை வேண்டாம், சாகும்போது ஊரில்தான் சாவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

விலாசினி குடியுரிமை வாங்கியதற்கு ஒரு பஸ் நிறுத்தம்தான் காரணம். ஆஸ்பத்திரிக்கு எதிரே, கென்னடி புலவார்டில், நைட் டூட்டி நர்ஸுகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் கூரை கிடையாது. பனிக்காலத்தில் ஆற்றுப் பக்கமிருந்து வருகிற காற்று எலும்பைத் துளைக்கும். அந்த ரோட்டில் சில இடங்களில் இந்தப் பக்க நடைபாதை ஒரு நகரத்துக்கு, எதிர்ப்பக்கம் இன்னொரு நகரத்துக்கு. ரோடு மட்டும் கவுண்டிக்கு. ஆகவே கவுண்டி சபையில் போய்க் கேள் என்றாள் டோலோரஸ். அந்தச் சபை உறுப்பினர்களுக்கு அப்போது 'ஃப்ரீஹோல்டர்' என்று பெயர். கடன் இல்லாத சொந்த நிலம் உள்ளவன் என்று பழைய அர்த்தம். வாடகை வீட்டுக்காரியான தான் நிலமுடையோர் சபையில் எப்படிப் பேசுவது என்று விலாசினி தயங்கினாள். யார் வேண்டுமானாலும் பேசலாம், பெயரையும் ஊரையும் சொன்னால் போதும் என்று டோலோரஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மைக் முன்னால் போய் நின்றாள். தலைவராக இருந்தவர் வெள்ளை மீசைக்காரர். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார், திருப்பிச் சரியாக உச்சரித்தார், பேசுங்கள் அம்மா என்றார். அவள் கையில் அப்போது இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். அதை யாரும் கேட்கவில்லை. குளிரைப் பற்றியும் ஒரு நர்ஸ் வழுக்கி விழுந்து கை முறிந்ததைப் பற்றியும் தன் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அடுத்த பனி விழுவதற்குள் நிறுத்தத்துக்குக் கூரை வந்தது. அந்த மனுஷருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்காகவே விண்ணப்பித்தாள். குடியுரிமை கையில் கிடைத்தபோது மீசைக்காரர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஆனாலும் அதன்பிறகு எந்தத் தேர்தலையும் அவள் விட்டதில்லை. ஃப்ரீஹோல்டர் என்ற பெயர் போய் கமிஷனர் என்று மாறிய சில மாதங்களில் விலாசினியும் மோகனனும் ஊருக்குத் திரும்பினார்கள். நீது அங்கேயே தங்கிவிட்டாள்.

குளத்தூர் வீட்டை ஒட்டி ஒரு பாதை போகிறது. வீட்டுப் பக்கம் குளத்தூர்ப் பஞ்சாயத்து, எதிர்ப்பக்கம் பக்கத்துப் பஞ்சாயத்து. பாதையோரத்து ஓடையைத் தூர்வாரச் சொன்னால் அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள், இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். ஜூன் மாத மழையில் பாதை குளமாகிவிடும். பாதையின் கடைசியில் இருக்கிற செல்லையன், மிஷன் சபையில் முன்பு பாட்டு நடத்தியவர், இப்போது வாரத்தில் மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிறார். ஒருநாள் காலையில் அவரை ஏற்றிய ஆட்டோ தண்ணீரில் நின்றுபோனது. விலாசினிதான் முதலில் ஓடினாள். நாலுபேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் கூடவே நடந்து நாடி பார்த்துக்கொண்டு வந்தாள். அழுக்குத் தண்ணீர் அவர் வேட்டியை நனைத்திருந்தது. தன்னால் எல்லோருக்கும் கஷ்டம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது அவளுக்கு இரண்டு நாள் காதில் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் கிராமசபை. வார்டு எல்லைகளைப் புதிதாக வரைந்த பிறகு ஜெயித்து வந்த ஜிஷாதான் உறுப்பினர். அவளே வீடுவீடாக வந்து அழைத்திருந்தாள். விலாசினி கஞ்சிபோட்ட கைத்தறிச் சேலை உடுத்திக்கொண்டு புறப்பட்டாள். மோகனன் வழக்கம்போல வரவில்லை என்றான். மழை வருமே என்று பிறகு குடையை எடுத்துக்கொண்டு கூட நடந்தான்.

பள்ளிக்கூட ஹாலில் நல்ல கூட்டம். பென்ஷன், தெருவிளக்கு, நாய்த்தொல்லை எல்லாம் மலையாளத்தில் ஓடி முடிந்தபோது விலாசினி எழுந்தாள். பாதையைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பாள். முன்வரிசையிலிருந்து விஜயதாஸ் கையைத் தூக்கினார். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டம் தெரிந்தவர், பொல்லாதவர் அல்ல.

"சேச்சி கோவப்படப் பிடாது. இது வோட்டர்மாருக்க சபையாக்கும். சேச்சி இப்பம் அமெரிக்கக்காரியில்லியா? சேச்சி பேசினதா மினிட்ஸில எழுதப் பற்றாது."

ஜிஷா சங்கடத்தோடு பக்கத்தில் இருந்த செக்ரட்டரியைப் பார்த்தாள். ஆமாம், எழுத முடியாது என்று அவர் மெதுவாகத் தலையசைத்தார். விஜயதாஸ் சொன்னது சரி என்று விலாசினிக்கும் தெரியும். தேர்தலன்று மோகனன் விரலில் மையோடு வந்தபோது அவள் சமையலறையில் வெறுமனே நின்ற நாள் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தாள். பிறக்காத ஊரில் பெயரைச் சொன்னதும் பேசவிட்டார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஸ்லேட்டுப் பிடித்திருக்கிறாள், இங்கே வாயைத் திறக்க முடியவில்லை. கண் நிறைந்துவிடுமோ என்று பயந்து அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம். திரும்பிப் பார்க்காததால் அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. குரல் கேட்டபோதும் நம்ப முடியவில்லை.

"நான் மோகனன். எனக்கு இந்த வார்டில வோட்டு உண்டு. நான் பேசலாமில்லியா?"

ஜிஷா பேசச் சொன்னாள். மோகனன் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் மலையாளத்தில் ஆரம்பித்தான், வார்த்தை தட்டியதும் வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டான்.

"நாங்க இருந்த ஹட்சன் கவுண்டியில ஒரு ரோடு உண்டு. அந்தப் பக்கம் ஒரு முனிசிபாலிட்டி, இந்தப் பக்கம் வேற முனிசிபாலிட்டி. ரெண்டு பேருக்கும் சண்டை வரப்பிடாதுன்னு ரோட்டை மேல உள்ள சபை எடுத்துக்கிட்டு. நமக்கும் மேல பிளாக் பஞ்சாயத்து உண்டு. ரெண்டு பஞ்சாயத்தும் நம்ம பிளாக்குக்க உள்ளதான் வருது. ஓடையை அவங்க எடுக்கணும்ன்னு நாம எழுதிக் கொடுப்போம். அந்தப் பக்கமும் எழுதிக் கொடுக்கட்டு. செல்லையன் அண்ணனை இனி நாற்காலியில தூக்கப்பிடாது. இது எனக்க அபிப்பிராயமாக்கும். எழுதிக்கிடுங்க."

உட்கார்ந்த பிறகும் அவன் கை குடையை விடவில்லை. அதற்குப் பிறகு முதலில் பேசினவர் விஜயதாஸ்தான். பிளாக் பஞ்சாயத்து இப்படிப்பட்ட வேலையை எடுக்க விதி உண்டு, தீர்மானத்தை எந்த வாசகத்தில் எழுதினால் திரும்பி வராது என்று தானே சொல்லிக்கொடுத்தார். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. கூட்டம் கலையும்போது அவர் விலாசினியிடம் வந்து, விதியைச் சொன்னேனே தவிர மனசில் ஒன்றும் இல்லை என்றார். அவளும் தனக்கு வருத்தம் இல்லை என்றாள். அது முழு உண்மை அல்ல, ஆனால் பாதிக்கு மேல் உண்மை.

திரும்பி வருகிற வழியில் மழை தூறியது. ஒரே குடைக்குள் நடந்தார்கள். புலவார்ட் யாருடையது என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"நீ எத்தனை தடவை சொல்லியிருக்கே மக்கா. எனக்கு மனப்பாடமாக்கும்."

இவ்வளவு காலம் தான் சொன்னதெல்லாம் அவன் காதுக்கு வெளியே போயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

பக்கத்துப் பஞ்சாயத்திலும் தீர்மானம் போடவைக்க ஜிஷா நடையாய் நடந்தாள். அடுத்த மழைக்கு முன்னால் பிளாக் பஞ்சாயத்து ஓடையை வெட்டி இருபுறமும் கல் கட்டியது. பாதைக்குத் தார் இன்னும் வரவில்லை, அடுத்த திட்டத்தில் வரும் என்கிறார்கள். தண்ணீர் மட்டும் இப்போது நிற்பதில்லை. கிராமசபைக்கு விலாசினி தவறாமல் போகிறாள், பின்வரிசையில் உட்காருகிறாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மோகனன் பக்கம் சாய்ந்து சொல்கிறாள்; அவன் எழுந்து நிற்கிறான். இப்போதெல்லாம் குடை இல்லாமலே நிற்கிறான்.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் பொழியூர்க் கடற்கரைக்குப் போனார்கள். கடல் முந்திய வருடத்தைவிட இன்னும் உள்ளே வந்திருந்தது. மேட்டில் ஏற்றி வைத்திருந்த வள்ளங்களுக்கு இடையில் இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். டோலோரஸ் அன்று காலையில் போன் பண்ணியிருந்தாள். பெர்கன்லைனில் அவர்கள் வழக்கமாகக் காப்பி குடிக்கிற கடையை இழுத்து மூடிவிட்டார்களாம். அதை விலாசினி சொன்னாள். பாலைக் கொதிக்கவைத்து நுரையோடு ஊற்றுவார்கள், பெரிய வெண்ணெய் ரொட்டியை அழுத்திச் சுட்டுத் தருவார்கள், டூட்டி முடிந்த களைப்பில் அதற்கு வருகிற ருசி வேறெதற்கும் வராது என்று சொல்லிக்கொண்டே போனாள். மோகனன் இத்தகைய பேச்சுக்கு 'ம்' கொட்டுவதோடு சரி. அன்று அவன் மணலைக் கையில் அள்ளி விட்டபடியே, தானாகவே பேசினான்.

"எனக்கும் ஒண்ணு நினைவு வரும். செக்காக்கஸுக்கு பஸ் இறங்குத வளைவில அந்த நாணல் காடு. ஐப்பசி கார்த்திகையில எல்லாம் பொன்னா கிடக்கும். ஒரு நிமிஷம் தெரியும், பிறகு கிட்டங்கி வந்திரும். நான் அதுக்குன்னே வலது பக்க சீட்டில இருப்பேன்."

அவள் அவனைப் பார்த்தாள். அந்த நாணல் காட்டை அவள் நூறு தடவை கடந்திருக்கிறாள். அவனும் பார்த்திருப்பான் என்று ஒருதடவைகூட நினைத்ததில்லை. அங்கே காற்றடித்தால் நாணல் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டாள். மோகனன் சிறிது யோசித்துவிட்டு, கையை நீட்டிக் காட்டி, ஆற்றுப் பக்கம் என்றான். பிறகு அங்கே நிற்கிற கொக்குகளைப் பற்றியும், பனி விழுந்த காலையில் தண்ணீரின் விளிம்பு உறைந்து கிடப்பதைப் பற்றியும் அவன் சொல்லத் தொடங்கினான். இடையில் பேசாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.