தங்கையின் கன்னம்

என் வேலை முகம் துடைப்பது. துணியால் அல்ல, கம்ப்யூட்டரில். போட்டோ ஸ்டுடியோவின் ஜன்னலில்லாத பின்னறையில் உட்கார்ந்து ஊரார் பருவையும் சுருக்கத்தையும் துடைப்பேன். ஒரு தழும்பு போக வேண்டுமானால் வேறிடத்து நல்ல தோலில் கொஞ்சம் எடுத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. படத்தை வாங்கிப் போகிறவர்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சொக்கிப்போவார்கள்.

என் இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு கருஞ்சிவப்பு மச்சம், கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடைவரை. தங்கைக்கு அப்படி எதுவும் இல்லை. சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைக் கொஞ்சுவார்கள். என்னிடம் நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்பார்கள். இப்போது அவளுக்கு வீடு, கணவன், பிள்ளைகள். எனக்கு ஓர் அறை, ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி வாங்கும் அவசியம் வரவே இல்லை.

சர்ச் ஆராதனையில்கூட, மச்சம் சுவரைப் பார்க்கும்படி இடதுபக்கச் சுவரோரமாகவே உட்காருவேன். தாயின் வயிற்றிலேயே கடவுள் என்னை உருவாக்கினார் என்ற வசனம் எனக்கு மனப்பாடம். அந்த நேரம் பார்த்து உமக்குக் கை தவறிவிட்டதா என்று கேட்க வாய்வரை வரும். விழுங்கிவிடுவேன்.

சபைக்கு ஒரு குடும்பப் புத்தகம் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு படம். படங்களைச் சரிசெய்யும் வேலையைப் பாஸ்டர் என் தலையில் கட்டினார். எல்லாரையும் பளபளப்பாக்கிவிட்டுக் கடைசியில் என் படத்தைத் திறந்தேன். நான் ஒருத்திதான் என் குடும்பம். மச்சத்தை மறைக்க என் வலது கன்னத்துத் தோலையே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. புத்தகத்துக்கு வந்திருந்த தங்கையின் படத்தைத் திறந்து, அவள் கன்னத்தை எடுத்து ஒட்டினேன். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

அதற்குமுன் தன் படத்தை ஒருதரம் பார்க்க வேண்டுமென்று சபையிலுள்ள தச்சர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மனைவி இறந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. இருவரும் சேர்ந்து எடுத்த பழைய படத்தையே போடச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் தெத்துப்பல்லை நான் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தேன், உபகாரம் என்று நினைத்து.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா என் பக்கத்துல நிக்கிறது யாரு?"

பல்லைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கூட்டத்துல அவளைத் தேடும்போது அந்தப் பல்லைத்தாம்மா தேடுவேன். அதைக் குடுத்துடு."

கொடுத்தேன். திரையை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் அழுகை வந்துவிட்டது. செத்துப்போனவள்மேல் பொறாமை. என்னை அப்படித் தேட ஒருத்தரும் இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன். சொன்ன பிறகுதான், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அறையில் வேறு ஆளில்லை. இத்தனை வருஷமாக இந்த அறையில் நான் புலம்பியதையெல்லாம் கேட்டவர் கடவுள் ஒருவர்தான். கை தவறிச் செய்த பொருளோடு யாரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் என்னைத் தேடி வந்தால், தங்கையின் கன்னத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி முன்னால் போய் நிற்பேன்?

ஒட்டியதை எடுத்தேன். மச்சம் முழுசாகத் திரும்பி வந்தது. அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தங்கை போன் செய்தாள். ஊர் முகத்தையெல்லாம் சரிசெய்கிறவள் உன் முகத்தை மட்டும் ஏன் விட்டாய் என்று குறைப்பட்டாள்.

"என்னைத் தேடுறவருக்கு அடையாளம் வேணாமாடி?" என்றேன்.

"யாரு அக்கா அது?" அவள் குரலில் அவ்வளவு ஆவல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் வரவில்லை. மச்சம் முழுக் கூட்டத்தையும் பார்த்தபடி இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.