காய்ச்சல் விட்டுருச்சாம்

செல்வமாரி தூக்குச்சட்டியில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டிலில் புருஷனைக் காணோம். பிடுங்கிப் போட்ட குளுக்கோஸ் குழாய் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தம்பி வந்து கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனாரும்மா," என்றார் அடுத்த கட்டில்காரர்.

சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோவில் பாண்டிராஜ் சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் அவன் தம்பி சண்முகராஜ்.

"ஏலே, எங்கலே கொண்டு போற?"

"காய்ச்சல் விட்டுருச்சு மைனி. தொட்டுப் பாருங்க, மேலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. அங்கன காட்டுல கரி மூட்டம் எரியுது. மண்ணு ஒரு பக்கம் சரிஞ்சா அம்புட்டுக் கரியும் சாம்பல். அண்ணன் நின்னாத்தான் ஆவும்."

போன வாரம் புதூர்க் காட்டில் மூட்டத்துக்கு விறகு வெட்டும்போது பாண்டிராஜின் குதிகாலில் வேலிக்கருவை முள் ஏறியது. ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டு, கரித்தூளை அப்பிக்கொண்டு திரிந்தான். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், "முள்ளுக்கு ஊசியா? ஊரு சிரிக்கும்ட்டி" என்பான். கால் பூசணியாக வீங்கி, குளிர் தூக்கித் தூக்கிப் போட்ட பிறகுதான் நேற்று வாரிப்போட்டுக்கொண்டு வந்தாள்.

கையைத் தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் ஓடிவந்த நாயைப்போல மூச்சு இரைத்தது.

"ஏங்க, இங்க பாருங்க."

பாண்டிராஜ் பாதிக் கண்ணைத் திறந்தான். "ஏட்டி, அந்த ஓட்டைய அடை. புகை போவுது பாரு."

"நடுரோட்டுல ஏதுலே புகை?" என்று கொழுந்தனைப் பார்த்தாள்.

அவன் முகம் செத்துப்போனது. "வரும்போதே இப்பிடித்தான் பேசுனான். தூக்கக் கலக்கம்னு நெனச்சேன், மைனி."

"நெனச்ச! தூக்குலே!"

உள்ளே டாக்டரம்மா கத்தின கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "காய்ச்சல் எங்க விட்டுச்சு? புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல ஏறி, பிரஷர் இறங்கிப்போச்சு. அதனாலதான் ஜில்லிடுது, புத்தி தடுமாறுது. ஓடிக்கிட்டு இருந்த மருந்தைப் பிடுங்கிட்டுப் போயிருக்கீங்க! ஒண்ணுக்கு எப்பப் போனாரு?"

"நேத்து வந்ததுலருந்து போவலம்மா," என்றாள் செல்வமாரி.

மறுபடி ஊசி ஏற்றி, ரெண்டு கையிலும் மருந்தும் தண்ணீரும் ஓடவிட்டார்கள். சீழைக் கீறி எடுக்கணும், கிட்னியும் வேலைசெய்யலைன்னு தெரியுது, திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன் என்றார் டாக்டரம்மா.

"பொழச்சிருவாவளாம்மா?"

"நேத்தைக்கு முந்தியே வந்திருக்கணும். இப்ப என்னால சொல்ல முடியாதும்மா."

ஆம்புலன்ஸ் கதவருகே சண்முகராஜ் போனைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். "மைனி, மூட்டத்துல தீ வெளிய கிளம்பிருச்சாம்..."

"எரியட்டும்லே. வாயை மூடிட்டு ஏறு."

வண்டி கிளம்பியது. பாண்டிராஜ் புகை புகை என்று முனகிக்கொண்டே ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினான். செல்வமாரி அந்தக் கையை இழுத்துத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கினாள். வலிக்குதுட்டி என்றான்.

வலிக்கட்டும். அவள் விடவில்லை.