மீதி அரை மதிப்பெண்

அம்மா இறந்து ஆறு மணி நேரமும் இருபது நிமிடமும் ஆகியிருந்தன. மகள் மேசையிலிருந்த விடைத்தாள்களை அள்ளி அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். பதினேழு தாள்கள். பதினொன்று திருத்தியவை, ஆறு திருத்தாதவை.

அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“முடிஞ்சுதா? இந்த ரூமுக்கும் ஆள் வருவாங்க.”

“முடிஞ்சுது.”

“சாப்பிட்டியா?”

“நீ?”

அண்ணன் கூடத்துக்குத் திரும்பிப் போனான்.

சிவப்புப் பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய்க் கரண்டிகள் இருந்த இழுப்பறையில் போட்டாள்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டிருந்தார்கள். இல்லாவிட்டால் பழைய மாணவர்களுக்கு அடையாளம் தெரியாது என்று அண்ணன் சொன்னான். முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சர். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமை ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் வேலை அவளை விடவில்லை. வருடா வருடம் பள்ளி திறக்கும் மாதத்தில் பழைய மாணவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கைத் தபாலில் அனுப்புவாள். யாருக்கு எந்தக் கணக்கு உதைத்ததோ அதே கணக்கு. அவர்கள் போட்டு அனுப்புவார்கள். திருத்தித் திருப்பி அனுப்புவாள். பத்துக்கு ஒன்பதரைதான் உச்சம். எவ்வளவு ஒழுங்காகப் போட்டிருந்தாலும் எங்காவது அரையை வெட்டிவிட்டு ஓரத்தில் எழுதுவாள்: ‘மீதி அரைக்கு அடுத்த வருடம் வா.’ மகளும் அதே பள்ளியில் படித்தவள்தான். ஒன்பதரைக்கு மேல் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் காலை அம்மா ஒரு தாளை வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இதுல எந்தப் பக்கம் மேல?” என்று கேட்டாள். அன்று மாலை கொஞ்ச நேரம் தெளிந்தபோது, “பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்” என்றாள். அவள் தெரிந்து கேட்ட கடைசி விஷயம் அது. அதற்குப் பிறகு மகளையே, “நீ எந்த செக்‌ஷன்?” என்று கேட்கத் தொடங்கினாள். கணக்குகள் மட்டும் அந்த வருடமும் தவறாமல் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தன.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “என்னை ஞாபகம் வெச்சிருந்தாங்களா?”

“கேட்டுக்கிட்டே இருப்பாங்க” என்றாள் மகள். பதினெட்டாவது தடவை சொன்னபோது நாக்கு மரத்துப்போயிருந்தது. அவள் வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அங்கே முடிவை முன்பே எழுதி வைப்பதில்லை.

இரண்டு மணிக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார், ப்ளம்பர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒரு படம். பெட்டியருகே நின்றுவிட்டு, டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மகளைத் தேடிச் சமையலறைக்கு வந்தார்.

“தங்கச்சி, நான்தான் தொட்டிக் கணக்கு.”

அவளுக்கு உடனே தெரிந்தது. நாலு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும் குழாய், ஆறு மணி நேரத்தில் காலி செய்யும் குழாய். இரண்டும் திறந்திருந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?

“ஒன்பதாவதுல நாலும் ஆறும் பத்துன்னு எழுதி முட்டை வாங்கினேன். கடைசியில பாருங்க, தொட்டியே என் பொழப்பாப் போச்சு.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

செய்தித்தாளைப் பிரித்தார். சட்டத்துக்குள் அவருடைய விடைத்தாள். பன்னிரண்டு மணி நேரம் என்று விடை. அதன் கீழே, ‘காலி செய்யும் குழாயை முதலில் அடைத்தால் எட்டு மணி நேரம் மிச்சம்’ என்று ஒரு வரி. மூலையில் சிவப்பில், பத்துக்குப் பத்து.

“கடையில மாட்டியிருந்தேன். பைப் வாங்க வர்றவன் மார்க்கைப் பார்த்து என்ன பண்ணப் போறான்னு வீட்டுல திட்டுவா. இதைப் பார்த்துத்தான் பாதியில விட்ட பத்தாவதை எழுதலாம்னு பேரு குடுத்தேன். திங்கக்கிழமை கணக்குப் பரீட்சை.”

“நல்லா எழுதுங்கண்ணே.”

அவர் நகரவில்லை.

“வெளிய ஒருத்தர் சொல்றாரு, டீச்சருக்கு ரொம்ப நாளாவே நினைவு இல்லையாம். பெத்த பொண்ணையே தெரியலையாம். நெசமா?”

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். “யாருங்க சொன்னது? போன வாரம் வரைக்கும் கணக்குத் திருத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க. நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து வர்றாங்க. அவங்ககிட்டயும் அதைத்தான் சொல்லப் போறேன்.”

ப்ளம்பர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல தம்பி. யாருக்கும் பத்து போடாதவங்க எனக்கு மட்டும் போட்டிருக்காங்க. அரையை வெட்ட மறந்துட்டாங்களா? மறதியில விழுந்த மார்க்குன்னா, திங்கக்கிழமை சின்னப் பசங்களோட போய் உட்கார்ந்து நான் என்ன கிழிக்கப் போறேன்? பேசாம பைப்பைப் பார்த்துக்கிட்டுப் போறேன்.”

அண்ணன் தங்கையைப் பார்த்தான். மற்றவர்களுக்குச் சொன்னதையே சொல்லிவிடு என்ற பார்வை. பத்தொன்பதாவது தடவை. சொன்னால் தீர்ந்தது. ஆனால் இவர் தன்னை ஞாபகம் இருந்ததா என்று கேட்கவில்லை. கணக்கைப் பற்றிக் கேட்டார்.

குழாயை மூடினாள். கையைத் துடைத்தபோது நடுவிரலில் சிவப்பு மை அப்படியே இருந்தது. இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை விலக்கி, பேனாவை எடுத்துச் சட்டத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“வேணாம்” என்றான் அண்ணன், மெதுவாக.

“அண்ணே,” என்றாள் ப்ளம்பரிடம். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “அந்தப் பத்து அம்மா போட்டது இல்ல. அவங்களுக்கு நம்பரே தெரியாமப் போயிடுச்சு. மூணு வருஷமா நான்தான் போடுறேன். மத்தவங்க எல்லாருக்கும் அம்மா மாதிரியே அரையை வெட்டினேன். உங்களுதை மூணு தடவை பார்த்தேன். வெட்ட இடமே இல்ல.”